நிச்சயதார்த்தத்துக்கு எந்தச் சிவப்பு?

மதுரை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் கயலுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம் என்று படித்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது வாசல்வரை தானே நடந்து போய்வருகிறார். "தூத்துக்குடிக்கு நானும் வருவேன்" என்று ஒரே பிடிவாதம்.

சரி, நீ கேட்ட லிப்ஸ்டிக் விஷயத்துக்கு வருகிறேன். "பொண்ணு கொஞ்சம் கறுப்பு, வெளிர் பிங்க் போட்டா நிறமாத் தெரிவா" என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். மணப்பெண் அலங்காரத்துக்குப் போகும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் வாடுவதையும் பார்க்கிறேன். அதனால் அழுத்தமாகவே சொல்கிறேன்: கயலுக்கு வெளிர் பிங்க் வேண்டாம்.

அந்த மாதிரி கலர்களில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி அதிகமாக இருக்கும். கயல் மாதிரி நல்ல மாநிறத்தில் அது திருநீறு பூசியதுபோல வெளிறித் தெரியும், முகமும் சேர்ந்து களையிழந்துபோகும். அவளுக்கு அழுத்தமான கலர்தான் எடுக்கும். அரக்கு, செங்கல் சிவப்பு, நாவல்பழ நிறம், அடர்ந்த ராணி பிங்க், இவற்றில் ஒன்று. தினமும் ஆபீசுக்குப் போட்டுக்கொள்ள அடக்கமாக வேண்டுமென்றால் உதட்டைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பு போதும்.

இதில் எது என்று முடிவு செய்வதற்குச் சருமத்தின் உள்சாயலைப் பார்க்க வேண்டும். ஒரே மாநிறத்திலும் ஒருத்திக்கு மஞ்சள் சாயல் இருக்கும், இன்னொருத்திக்குச் சிவப்போ நீலமோ கலந்திருக்கும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். நம் நிறத்தில் நரம்பே சரியாகத் தெரியாது, அதை நம்பாதே. புடவைக் கடையில் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்ப்போமே, அதுதான் நல்ல வழி. மாம்பழ மஞ்சளும் காவியும் போட்டால் அவள் முகம் தெளிகிறதா? அப்படியானால் செங்கல் சிவப்பு, காப்பிப் பழுப்புப் பக்கம் போகலாம். ராணி பிங்க்கும் கத்தரிப்பூ நிறமும் எடுக்கிறதென்றால் நாவல்பழமும் நீலச் சாயலுள்ள சிவப்பும் பொருந்தும். இரண்டுமே நன்றாக இருந்தால் அவள் கொடுத்துவைத்தவள், எதையும் போடலாம்.

கறுப்புக்குச் சிவப்பு ஆகாது என்று சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. மேக் கம்பெனியின் ரூபி வூ என்ற லிப்ஸ்டிக் நீலச் சாயலுள்ள சிவப்பு. நல்ல கறுப்பு நிறப் பெண்களுக்கு அதைப் போட்டுப் பார், அவ்வளவு கம்பீரமாக இருக்கும். ஆனால் பளபளப்பில்லாத, நன்றாக உலர்ந்த மேட் வகை என்பதால், உதடு வெடித்திருந்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். முதல் நாள் இரவே கொஞ்சம் நெய் தடவிக்கொள்ளச் சொல்.

அப்புறம், உதட்டின் சொந்த நிறம். நம்மில் பலருக்கு மேலுதடு கறுத்தும் கீழுதடு சற்று வெளுத்தும் இருக்கும். ஒரே லிப்ஸ்டிக் இரண்டிலும் வேறு வேறு கலராகத் தெரிவது அதனால்தான். அதே கலரில் லிப் லைனர் வாங்கி ஓரத்தில் மட்டும் வரையாமல் உதடு முழுக்க நிரப்பிவிட்டு, அதன்மேல் லிப்ஸ்டிக் போட்டால் சமமாக வரும். கடையில் புறங்கையில் தடவிப் பார்ப்பதும் அவ்வளவாக உதவாது. விரல் நுனியின் நிறம் உதட்டுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும், அங்கே தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல். கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாச் சிவப்பும் அழகாகத்தான் இருக்கும். கடையில் எல்லோரும் தொட்டுப் பார்க்கும் டெஸ்டரை நேராக உதட்டில் வைக்கவே கூடாது, உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ் ஒட்டிக்கொள்ளலாம்.

நாம் காலேஜில் படித்தபோது நமக்குக் கிடைத்தது மெரூன் ஒன்றுதான், நினைவிருக்கிறதா? 2017-இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி கம்பெனி 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் என்ற முகப்பூச்சைக் கொண்டுவந்த பிறகு மற்ற கம்பெனிகளும் அடர்ந்த நிறங்களைக் கவனிக்க ஆரம்பித்தன. நமக்குக் கிடைக்காததெல்லாம் கயலுக்குக் கிடைக்கிறது, அவள் ஆசைப்பட்டதை எடுக்கட்டும்.

புடவை மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் என்று எழுதியிருந்தாய். பார்டர் கலரை ஒட்டியே போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முகத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொல்லமாட்டேன். காலையில் ஜன்னல் பக்கம் நின்று, ஃபில்டர் போடாமல், புடவையைத் தோளில் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். அலங்காரத்துக்கு வெளியாள் யாரையும் பேசிவிடாதே. முதல் நாளே அம்மாவோடு வந்துவிடுகிறேன். உன் வீட்டுக்காரருக்கும் கயலுக்கும் என் அன்பு.

அன்புடன்,
மீனா