சுத்தியல் வேண்டாம், லென்ஸ் போதும்

ஆசிரியருக்கு,

பாறை ஆர்வலர்களின் நடைகளைப் பற்றிய கட்டுரை படித்தேன். சிலைகளும் சுவரோவியங்களும் பார்க்கும் நகர நடையில் கல்லையும் சேர்த்தது நல்ல யோசனை. சிலையைப் பார்ப்பவர்கள் அது நிற்கும் பீடத்தைக் கவனிப்பதே இல்லை! கருநீலக் கல் பதித்த முகப்பு கண்ணில் பட்டால் தலையைச் சாய்த்துப் பாருங்கள், மயில்கழுத்து நிறத்தில் மின்னும். அநேகமாக அது நார்வேயில் வெட்டிய லார்விகைட். வயது ஏறத்தாழ 30 கோடி ஆண்டு.

கடலோரம் வேறு கதை. ஸ்காட்லாந்தின் சிக்கார் முனைக்கு 1788இல் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் படகில் போனார். அங்கே செங்குத்தாக நிற்கும் அடுக்குகளின் மேல் செம்மணற்கல் லேசாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குக் கல்லில் பதிவே இல்லை.

சரி, ஒரு குறையும் சொல்லவேண்டும். கடலோர நடைக்கு, கடல் ஏறும் நேரம் பார்க்காமல் கூட்டிப்போகிறார்கள். அப்படிப் போய் ஒருமுறை முழங்கால் தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அப்புறம் பாறையை உடைக்க எடுத்துவரும் அந்தச் சுத்தியல்! கல்லைப் பார்க்க, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸே போதும். உடைக்கத்தான் வேண்டுமென்றால், கீழே உதிர்ந்து கிடப்பதை எடுத்துக்கொள்ளலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்