பதில் மட்டும் மிஞ்சிய கடிதங்கள்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாள். சுணங்கியதற்குக் கோபிக்காதே. இங்கே கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. மத்தியானத்தில் வாவிக்கரையில்கூட நிற்க முடியாது. படுவான்கரைப் பக்கம் சிறுபோக வெட்டு முடிகிற நேரம். நெல் விலையைத் தொட்டால் கடிதம் அதோடு முடிந்துவிடும், ஆகையால் விடுகிறேன்.

புதன்கிழமை வேதபாடத்தை இனி நீ நடத்த வேண்டுமென்று சபையார் சொல்லிவிட்டார்கள்; பவுல் அப்போஸ்தலர் எழுதிய கடிதங்களான நிருபங்களில் எதிலிருந்து தொடங்குவது, எத்தனை கிழமை வேண்டும் என்று கேட்டிருந்தாய். ரோமரிலிருந்து தொடங்கச் சொல்லிப் பலர் நிற்கிறார்களாம். வேண்டாம். அது பவுல் அதுவரை போகாத ஊரின் சபைக்கு எழுதியது; வாதம் நீளம், மூன்றாம் கிழமையே பாதிப்பேர் வரமாட்டார்கள். 1 கொரிந்தியரை எடு. அதில் சாப்பாடு, காசு, வழக்கு, கலியாணம், யார் பெரியவன் என்ற போட்டி எல்லாம் இருக்கிறது. கல்முனையில் இருப்பவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் முதற்கிழமை அதைத் தொடாதே. பிலேமோனை வாசி. 25 வசனம், சத்தமாக வாசித்தால் நாலு நிமிடம். வாசித்தபின் மூன்று கேள்வி மட்டும் கேள்: யார் எழுதுகிறார், யாருக்கு, யார் முன்னால் வாசிக்கப்பட்டது? மூன்றாவதில்தான் விஷயம். ஒநேசிமு என்ற ஓர் அடிமையைப் பற்றிய தனிக் காரியம் அது. ஆனால் 2ஆம் வசனத்தில் அப்பியாள், அர்க்கிப்பு, வீட்டிலே கூடுகிற சபை எல்லாரும் முகவரியில் இருக்கிறார்கள். அவனுடைய எசமானான பிலேமோன் அந்தக் கடிதத்தைத் தனியறையில் படித்து மடித்து வைக்க முடியாது. தன் வீட்டு முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் கேட்க வேண்டும். கடன் ஏதும் இருந்தால் என் கணக்கில் வை என்று பவுல் எழுதுவதும் அத்தனை பேர் காதிலும் விழும். நிருபம் என்றால் என்ன என்பதை உன் ஆட்கள் அந்த ஒரு இரவில் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் கிழமை 1 கொரிந்தியரை முழுவதும் ஒரே இருப்பில் சத்தமாக வாசியுங்கள். 16 அதிகாரம், 437 வசனம். நாலுபேர் மாறி மாறி வாசித்தால் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். நடுவில் ஒரு பிளேன்ரீ. முணுமுணுப்பார்கள், விடாதே. கண்ணகை அம்மன் கோயில் சடங்கில் வழக்குரை ஏட்டை ஒருவர் படிக்க ஊர் இருந்து கேட்கிறதல்லவா, அந்த மாதிரித்தான் இதுவும் கேட்கப்பட்டது. 1 தெசலோனிக்கேயர் கடைசியில் எல்லாருக்கும் வாசிக்கச் செய்யும்படி ஆணையிட்டே சொல்கிறார். கொலோசெயர் 4:16இல் லவோதிக்கேயாவோடு கடிதத்தை மாற்றி வாசிக்கச் சொல்கிறார். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டு வசன எண் 1551இல் வந்தது. நாங்கள் வசனம் வசனமாகப் பிடுங்கிப் பிடுங்கிப் படிப்பது அதற்குப் பிந்திய பழக்கம். 13ஆம் அதிகாரத்தைக் கலியாண வீட்டுக்கென்று எடுத்து வைத்துவிட்டோம். அது ஆவிக்குரிய வரங்களைப் பற்றிய சண்டையின் நடுவில், 12க்கும் 14க்கும் இடையில் நிற்பது. அன்பு பொறாமைப்படாது என்று அங்கே சொன்னது, பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த ஆட்களுக்கு.

வாசிக்கும்போது எல்லார் கையிலும் பென்சில் இருக்கட்டும். "குறித்து" என்று ஒரு புதுக் காரியம் தொடங்கும் இடங்களுக்குக் கோடு போடச் சொல்: 7:1, 7:25, 8:1, 12:1, 16:1, 16:12. இந்த ஆறிலும் கிரேக்கத்தில் ஒரே தொடர்தான். 7:1 திறவுகோல்: "நீங்கள் எழுதின காரியங்களைக்குறித்து". கொரிந்து ஆட்கள் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அது தொலைந்துபோனது, எங்களிடம் இருப்பது பதில் மட்டும். முதல் ஆறு அதிகாரம் பெரும்பாலும் வாய்வழி வந்த செய்திக்குப் பதில், குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் சொன்னதும் அதில் அடங்கும். 7இலிருந்து கடிதத்துக்குப் பதில். 11இல் மறுபடியும் கேள்விப்பட்ட காரியம் ஒன்று நுழைகிறது. இது தெரியாமல் வாசித்தால் வரும் பெரிய பிழை, கொரிந்து ஆட்களின் பேச்சைப் பவுலின் கட்டளை என்று எடுத்துக்கொள்வது. 6:12இல் எல்லாவற்றுக்கும் எனக்கு அதிகாரம் உண்டு என்பதும், 8:1இல் எல்லாருக்கும் அறிவு உண்டு என்பதும் அவர்கள் சொல்லித் திரிந்தவை என்றே உரைகாரர் பலர் எடுக்கிறார்கள். பவுல் அதை எடுத்துச் சொல்லி, உடனே அதை வெட்டிப் பேசுகிறார். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் மேற்கோள் குறி இல்லாதபடியால் இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்கும். ஒருவர் பவுலாகவும் இன்னொருவர் கொரிந்து ஆளாகவும் வாசித்தால் காது பிரித்துவிடும்.

ஊரைப் பற்றி அதிகம் தேவையில்லை. ரோமர் கி.மு. 146இல் அழித்து, கி.மு. 44இல் மறுபடி குடியேற்றிய பட்டினம். இரண்டு துறைமுகம், புதுப்பணம், பழைய குடும்பம் குறைவு, ஆகவே பெயருக்கான ஓட்டம் அதிகம். பவுலைக் கொண்டுபோய் நிறுத்திய ரோம அதிகாரி கல்லியோன் அங்கே அதிபதியாக இருந்தது 51-52 அளவில் என்று தெல்பியில் கிடைத்த கல்வெட்டு காட்டுகிறது. பவுல் அங்கே ஒன்றரை வருடம் இருந்தார். எபேசுவிலிருந்து இந்த நிருபம் 54 அல்லது 55 அளவில். இவ்வளவு போதும்.

இனி நீ கேட்ட முக்கியமான காரியம். பக்கத்து வீட்டுக்காரர் சடங்கு முடிந்து கொண்டுவரும் பொங்கலைச் சாப்பிடலாமா என்று இளைஞர்கள் கேட்க, ஒருவர் என் சாப்பாடு சகோதரனுக்கு இடறலானால் நான் என்றைக்கும் இறைச்சி சாப்பிடேன் என்ற 8:13ஐத் தூக்கிக் காட்டி வாயை அடைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். 8:1 தொடங்கி 11:1 மட்டும் ஒரே பதில், மச்சான். நடுவில் வெட்டினால் அர்த்தம் கெடும். அதற்கு இரண்டு கிழமை கொடு. பவுல் மூன்று இடத்தைப் பிரிக்கிறார். ஒன்று, கோயிலுக்குள்ளேயே பந்தியிருப்பது. கொரிந்துவில் நோய் தீர்க்கும் தெய்வமென்று வணங்கிய அஸ்கிலேப்பியுவின் கோயிலில் மூன்று உணவறைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள், அறைக்கு 11 பேர் சாய்ந்திருக்கும் இடம். நகரத்தின் பெரிய மனிதர் கூடும் இடம் அது. அழைப்பை மறுத்தால் தொழிலும் உறவும் போகும். அங்கே இராதே என்கிறார், 8:10இலும் 10:21இலும். இரண்டு, கடையில் விற்கிற இறைச்சி: விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, 10:25. மூன்று, அவிசுவாசி வீட்டு விருந்து: வைத்ததைச் சாப்பிடு, 10:27, ஒருவர் இது படைத்தது என்று சொல்லிக் காட்டினால், சொன்னவர் பொருட்டு விட்டுவிடு.

ஆகவே கோயில் மண்டபத்தில் பூசைப் பந்தியில் இருப்பது ஒன்று, வேலிக்கு மேலால் அன்போடு வருகிற சட்டி இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கி அந்த அம்மாவின் கையைத் தட்டிவிடச் சொல்லும் வசனம் எனக்குத் தெரிந்து இந்த மூன்று அதிகாரத்தில் இல்லை. அவர் படைத்தது என்று சொல்லித் தந்தால், மரியாதையாகச் சொல்லி வாங்காமல் விடலாம், அதற்கும் இடமிருக்கிறது. முஸ்லிம் அயலவர் தரும் கந்தூரிச் சோற்றைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். இதே அளவுகோலால் அவர்களையே அளக்க விடு, நீ தீர்ப்புச் சொல்லாதே.

8ஆம் அதிகாரத்தில் இடறிப்போவான் என்று சொல்லப்படும் பலவீனன் யார் என்பதில் கவனமாயிரு. பவுல் சொல்லும் பலவீனன் கோபப்படுகிற மூப்பர் அல்ல. நேற்றுவரை அந்த வழிபாட்டில் இருந்து, இப்போது உன்னைப் பார்த்துத் தானும் போய் இருந்து, மனச்சாட்சி உடைகிறவன், 8:7ஐயும் 8:10ஐயும் பார். "எனக்கு இடறலாயிருக்கிறது" என்று சொல்பவர் நாற்பது வருடமாக ஆலயத்தில் முன்வாங்கில் இருப்பவரானால், அவருக்கு வந்திருப்பது எரிச்சல். அதைத் தீர்க்க வேறு வசனம் தேடவேண்டும். இந்த ஒன்றைத் தெளிவாக்கினாலே உன் கூட்டத்தில் பாதிச் சண்டை குறையும். ரோமர் 14ஐ இதோடு குழைக்காதே. அங்கே பேச்சு மரக்கறியும் நாள் பார்ப்பதும்.

அடுத்த கிழமை 11:17 தொடக்கம். (அதற்கு முன்னுள்ள முக்காட்டுப் பகுதியைத் தொட்டால் அந்த இரவு வேறொன்றும் நடவாது. பிந்தி வை.) திருவிருந்து அன்று எழும்பிப் போகாமல் பின்வாங்கில் இருக்கிறவர்கள் உங்கள் சபையிலும் இருப்பார்கள். காரணம் 11:27இல் உள்ள ஒரு சொல்: "அபாத்திரமாய்". நான் பாத்திரன் அல்ல, கிழமைக்குள் வீட்டில் சண்டை பிடித்தேன், எடுக்கக்கூடாது என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் ஆளைப் பற்றியதல்ல, சாப்பிட்ட விதத்தைப் பற்றியது. தமிழிலும் "ஆய்" என்றுதான் நிற்கிறது. என்ன விதம் என்று 21ஆம் வசனம் சொல்கிறது: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். கூடுவது வசதியானவர் வீட்டில். உள்ளே சாப்பாட்டறையில் ஒன்பது பேர் அளவில் சாயலாம், மற்றவர்களுக்கு முற்றம். வேலை முடித்து இருட்டியபின் வருகிற கூலியாளுக்கும் அடிமைக்கும் மிச்சம் இல்லை. பவுல் சொல்லும் மருந்து 33இல், "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்". அன்றைக்கு அவர்களிடம் கேள்: எங்கள் சபை விருந்தில் சோற்றுப் பார்சல் முடிந்துபோகும்போது முடிவது யாருக்கு? பந்தலில் முதல் வரிசைக் கதிரை யாருக்கு? அதற்கு மேல் பிரசங்கம் வேண்டாம்.

12 முதல் 14 வரை ஒரு கிழமை, 15க்கு ஒரு கிழமை. முதல் நாலு அதிகாரத்துக்கு ஒன்றும், 5 முதல் 7க்கு ஒன்றும் ஏற்கனவே போயிருக்கும். 15ஐ அவசரப்படுத்தாதே. கடலுக்கும் குண்டுக்கும் ஆட்களைக் கொடுத்த கரை இது. உயிர்த்தெழுதலைப் பற்றி வாசிக்கும்போது சிலர் பேசமாட்டார்கள், பேசவும் வைக்காதே.

பத்தாம் கிழமை 16ஆம் அதிகாரம், அதோடு 2 கொரிந்தியர் 8, 9. உங்கள் கூரைச் சேகரிப்பு நடக்கிற நேரம், பொருளாளரையும் கூப்பிடு. எருசலேம் ஏழைகளுக்கான தருமப்பணம். முறை நாலு வரியில் இருக்கிறது. வாரத்தின் முதல் நாளில், ஒவ்வொருவனும் தன்னிடத்திலே சேர்த்து வைக்க வேண்டும். வரவுக்குத் தக்கதாக. நான் வந்தபின் சேர்க்கத் தொடங்கக்கூடாது. கொண்டுபோகிறவர்களைக் கொடுத்தவர்களே தெரிவு செய்ய வேண்டும். வரவுக்குத் தக்கதாக என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் ஞாயிறு ஒன்றல்ல. நாட்கூலிக்காரர் கிழமைக்குக் கிழமை ஒரு பேணியில் போடலாம். வயல்காரருக்கு வெட்டு முடிந்தால்தான் காசு. வாடைக் காலத்தில் கடலுக்குப் போகமுடியாதவரிடம் கேட்கவே கூடாது. 2 கொரிந்தியர் 8:12 அதற்குத்தான்: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படி. தசமபாகம் என்ற சொல் இந்தச் சேகரிப்பு பற்றிய எந்த இடத்திலும் இல்லை. ஒரு தொகைகூட எங்கும் எழுதவில்லை. மக்கெதோனியரைக் காட்டிக் கொரிந்தியரையும், கொரிந்தியரைக் காட்டி மக்கெதோனியரையும் உசுப்பிவிடுகிறார், அது எனக்குக் கொஞ்சம் நெருடல்தான். ஆனால் இன்னார் இவ்வளவு என்று ஒலிபெருக்கியில் வாசிக்கவில்லை.

காசு கைமாறும் இடத்தில் பவுல் தன்னையும் நம்பச் சொல்லவில்லை. உடன்ஊழியன் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர் போகிறார்கள், ஒருவர் சபைகளால் தெரிவுசெய்யப்பட்டவர். ஒருவனும் குற்றப்படுத்தாதபடி என்று காரணமும் எழுதுகிறார், 2 கொரிந்தியர் 8:20. அப்போஸ்தலர் 20:4இல் கூடப்போன ஏழு பேரின் பெயர் இருக்கிறது. ஆகவே எண்ணுவதற்கு இருவர், இருவரும் ஒரே குடும்பம் அல்ல, வங்கிக் கணக்கில் இரண்டு கையொப்பம், கொடுத்தவருக்குப் பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு உலகத்துக் காரியம் என்று யாராவது சொன்னால் பிலிப்பியர் 4:18ஐக் காட்டு. எல்லாம் கிடைக்கப்பெற்றேன் என்று அங்கே வருகிற கிரேக்கச் சொல், அக்காலத்து வியாபாரிகள் பணம் முழுவதும் பெற்றுக்கொண்டதாகச் சீட்டில் எழுதின அதே சொல். பிலிப்பி சபையிலிருந்து எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவிக்குப் பவுல் எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டு அது.

முதற்கிழமைக்கு நானும் வரப் பார்க்கிறேன். கூட்டம் முடிய இருட்டிவிடும், கடைசி பஸ் தவறினால் உன் விறாந்தை அறைதான். பிலேமோன் 22ஐ வாசித்துவிட்டு ஆயத்தம் செய்து வை.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வாங்குக்காரன்