ஆயி வீட்டுக் கருப்பெள்ளு

நிங்போ
14-2-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். தினமும் போனில் பேசுகிறோம்தான். ஆனால் எள்ளு என்று வாயெடுத்தாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

ஜனவரி 29, தை அமாவாசை. சின்னவன் பவானி கூடுதுறையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டான். சீன வருஷப் பிறப்பும் இந்தமுறை அதே நாளில் வந்ததால் எனக்கு இங்கே லீவுதான். வந்திருக்கலாம். நேர் விமானம் அப்போது இல்லை. சிங்கப்பூர், ஹாங்காங் என்று சுற்றிவர டிக்கெட் விலையைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அது மனசில் கிடக்கிறது.

அன்று காலையில் பக்கத்து வீட்டு ஆயி கதவைத் தட்டினார். (உன் வயசுப் பெண்களை இங்கே 'ஆயி' என்றுதான் கூப்பிடவேண்டும். நான் சிரமப்படாமல் கற்றுக்கொண்ட ஒரே சீன வார்த்தை இதுதான்.) கையில் ஒரு கிண்ணம், சுடுநீரில் மிதக்கும் வெள்ளை உருண்டைகள். தாங்யுவான் என்று பெயர். வருஷப் பிறப்பன்று காலையில் நிங்போக்காரர்கள் இதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஒன்றைக் கடித்தேன். உள்ளேயிருந்து கருகருவென்று கொதிக்கக் கொதிக்க வழிந்தது எள்ளு விழுது. நாக்கு வெந்தது ஒருபக்கம். அந்த நாளும் அதுவுமாக எள்ளைத் தின்கிறோமே என்பது இன்னொரு பக்கம். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை பத்தலையா என்று கேட்டார் ஆயி.

அப்புறம்தான் விளக்கினார். குடும்பம் ஒன்றுகூடுவதற்குச் சீனத்தில் துவான்யுவான். தாங்யுவானும் காதுக்குக் கிட்டத்தட்ட அப்படியே கேட்பதால், எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிற நாளில் இதைச் செய்கிறார்கள். நாம் போனவர்களுக்கு விடுகிற எள்ளை இவர்கள் வந்தவர்களுக்குப் போடுகிறார்கள்.

லீவு முடிவதற்குள் அவரிடம் கற்றுக்கொண்டேன். கால் கிலோ எள்ளைக் களைந்து, வடித்து, சின்னத் தீயில் வறுத்தேன். வெள்ளை எள் என்றால் சிவப்பது தெரியும். கருப்பில் கருகினாலும் தெரியாது. முதல் ஈடு அப்படித்தான் கசந்துபோய்க் குப்பைக்குப் போனது. ஆயி ஒரு கைப்பிடி வெள்ளை எள்ளைச் சேர்த்துப் போடச் சொன்னார். அது பொன்னிறமானால் கருப்பும் பதம். இரண்டு விரலால் நசுக்கினால் பொடியவேண்டும். நீ உரலில் இடிக்கும்போது வருமே, அந்த வாசனை வந்ததும் இறக்கிவிட்டேன். நன்றாக ஆறவைத்து மிக்ஸியில் அரைத்தால் முதலில் மாவாகும். ஓரத்தை வழித்துவிட்டு, விட்டுவிட்டு ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகும். அதில் பாதியளவு சர்க்கரை.

அடுத்ததைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. இவர்கள் இதில் பிசைவது பன்றிக் கொழுப்பு. அன்று காலை நான் சாப்பிட்டதிலும் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. சின்னவனிடம் சொல்லாதே. குளிரில் கொழுப்பு இறுகினால்தான் விழுதை உருண்டை பிடிக்கமுடியும். வேகும்போது அது உருகி உள்ளே குழம்பாகிவிடும். நல்லெண்ணெய் இறுகாது, ஊற்றிப் பார்த்து ஏமாந்தேன். கடைசியில் நீ கட்டிக்கொடுத்த நெய்தான் கைகொடுத்தது. இங்கே அடிக்கிற குளிருக்கு அது பாட்டிலிலேயே கல்லாகக் கிடக்கிறது. சர்க்கரையில் பாதிக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைப் போட்டேன்.

மேல்மாவு உனக்குப் புதிதில்லை. பசை மாதிரி ஒட்டுகிற அரிசியை ஊறவைத்து, தண்ணீர் விட்டு ஆட்டி, துணியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆயி கடை மாவைத் தொடுவதில்லை. கொழுக்கட்டைக்குச் செய்வதுபோலச் சொப்புப் பிடித்து, எள்ளு உருண்டையை உள்ளே வைத்து மூடினேன். கொதிநீரில் போட்டு, மேலே வந்ததும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விடவேண்டும். மறுபடி மேலே வந்தால் வெந்துவிட்டது. எனக்கு மூன்று வாய்பிளந்து தண்ணீரெல்லாம் கருத்துப்போனது.

தைப்பூசத்துக்கு மறுநாள் பௌர்ணமி இங்கே விளக்குத் திருவிழா. நம் பக்கத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் திரும்பிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ஆயிக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். அவர் மகன் லீவு முடிந்து ஷென்சென் போய்விட்டான், தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். இது என்ன வாசனை என்று இரண்டுமுறை கேட்டார். நெய்க்குச் சீன வார்த்தை தெரியாமல் 'மாட்டு எண்ணெய்' என்று சொல்லித் தொலைத்தேன். ஆனாலும் ஆறு உருண்டை சாப்பிட்டார்.

கருப்பெள்ளு தின்றால் நரைக்காது என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். ஆயி தலையில் ஒரு கருப்பு முடி கிடையாது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

உங்கள் ஊரில் எள்ளை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கூடுதுறையைச் சொல்லவில்லை, எள்ளுருண்டையைச் சொன்னேன். செய்து தா என்கிறார். எள்ளைக் கைமாற்றிக் கொடுக்கக்கூடாது என்பாயே, வெல்லம் போட்டு உருண்டையாகப் பிடித்துவிட்டால் பரவாயில்லைதானே? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

உன் பெரியவன்