பேஜ் செட்டுக்கு முன் ஒரு பட்டியல்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் மெயின்பிரேமில் ஐபிஎம் எம்கியூவை (நிரல்களுக்கிடையே செல்லும் செய்திகளைக் ‘கியூ’ எனும் வரிசைகளில் வைத்துக் கடத்தும் மென்பொருளை) நிறுவும் திட்டமிடல் உங்கள் பொறுப்புக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. இங்கும் அதே கதைதான்: கியூக்களை நிர்வகிக்கும் பழைய கியூ மேனேஜர்களை, பல மேனேஜர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வு கியூக்களுக்கு மாற்றும் வேலையில் இருக்கிறேன்.

நிறுவுதலைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நிரல் நூலகங்களுக்கு ஏபிஎஃப் அனுமதி (சிறப்புரிமையுடன் இயங்க இயங்குதளம் தரும் அனுமதி), பின்னணியில் ஓடும் ஸ்டார்ட்டட் டாஸ்க்குகளுக்குப் பாதுகாப்பு மென்பொருளான ராக்எஃப்பில் அடையாளம் ஆகியவை கையேட்டின் வரிசைப்படியே முடிந்துவிடும். கியூ மேனேஜரின் பெயரை மட்டும், நான்கு எழுத்துக்கு மேல் போக முடியாது என்பதால், சோதனைச் சூழல்களையும் எண்ணிப் பார்த்து இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

உண்மையில் யோசிக்க வேண்டியது, எந்தச் செய்தி எவ்வளவு நேரம் கியூவில் தங்கும் என்பதைத்தான். வந்தவுடன் எடுக்கப்படும் செய்தி பெரும்பாலும் நினைவகத்திலுள்ள பஃபர் பூலுக்குள்ளேயே வந்துபோய்விடும். இரவு பேட்ச் வேலைக்காகக் காத்திருக்கும் செய்தியோ வட்டிலுள்ள கோப்பான பேஜ் செட்டுக்கு எழுதப்பட்டே தீரும். இரண்டையும் ஒரே பூலில் விட்டால், தேங்கும் கூட்டம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, விரையும் செய்திகளையும் வட்டுக்குத் தள்ளிவிடும். ஆகவே, எந்தக் கியூ எந்தப் பேஜ் செட்டுக்குப் போகும் என்று சொல்லும் ஸ்டோரேஜ் கிளாஸ் வழியாக இவ்விரு வகைகளுக்கும் தனித்தனிப் பேஜ் செட்டும் தனித்தனிப் பூலும் ஒதுக்குங்கள். கியூ முதலியவற்றின் வரையறைகள் குடியிருக்கும் பேஜ் செட் பூஜ்யத்தில் பயன்பாட்டுச் செய்தி எதையும் வைக்காதீர்கள்.

அளவை முடிவு செய்யும்போது சராசரி நாளை மறந்துவிட்டு, பெறும் நிரல் நின்றுபோன நாளைக் கணக்கிடுங்கள். பக்கம் ஒன்றுக்கு 4 கிலோபைட்; தலைப்புடன் சேர்த்து இரண்டு பக்கம் பிடிக்கும் செய்திகள் நொடிக்கு 200 வந்தால், 4 ஜிகாபைட் பேஜ் செட் முக்கால் மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அதற்குள் யாராவது விழித்துப் பார்ப்பார்களா என்பதுதான் கேள்வி. நடு இரவில் பார்க்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைத்த செய்திகள் (கியூ மேனேஜர் மறுபடி தொடங்கினாலும் அழியக் கூடாதவை) அனைத்தும் மீட்புப் பதிவேடான லாக்கிலும் எழுதப்படுவதால், லாக்கையும் லாக்குகளின் விவரத்தை வைத்திருக்கும் பிஎஸ்டிஎஸ் கோப்பையும் இரட்டைப் பிரதிகளாக, வெவ்வேறு வால்யூம்களில் வையுங்கள். நிரம்பிய லாக்கைப் பிரதியெடுத்து ஆர்க்கைவ் செய்வது தடைப்பட்டு, எழுதப்பட்டுவரும் ஆக்டிவ் லாக்குகள் எல்லாம் நிரம்பிவிட்டால், இடம் கிடைக்கும்வரை கியூ மேனேஜர் காத்து நிற்கும். நீண்ட நேரம் கமிட் செய்யாத, அதாவது தங்கள் மாற்றங்களை உறுதிசெய்யாமல் இழுத்தடிக்கும் நிரல்களைப் பற்றிப் பயன்பாட்டுக் குழுவினரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அவர்களுக்கு அது பிடிக்காது, ஆனாலும் பேசுங்கள்.

பகிர்வு கியூக்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செய்திகள் பல மெயின்பிரேம் அமைப்புகள் பகிரும் நினைவகமான கப்ளிங் ஃபெசிலிட்டியில் இருப்பதால், ஒரு கியூ மேனேஜர் விழுந்தாலும், அதைப் பகிரும் குழுவிலுள்ள மற்றொன்று எடுத்துக்கொள்ளும். இதற்காகவே நாங்கள் மாறுகிறோம். ஆனால் குழுவின் வரையறைகளுக்கு டிபி2 தரவுத்தளம் தேவை. 63 கிலோபைட்டைத் தாண்டும் செய்திகளின் உடலுக்கு டிபி2விலோ பகிர்வுத் தரவுத்தொகுப்புகளிலோ தனி இடம் வேண்டும். கப்ளிங் ஃபெசிலிட்டியில் செய்திகள் இருக்கும் கட்டமைப்பு பழுதானால் நிலைத்த செய்திகளை மீட்க, அதை அவ்வப்போது பேக்கப் எடுத்திருக்கவும் வேண்டும். டிபி2 குழுவினர் உங்களுக்கு உடனிருக்க மாட்டார்கள் என்றால், முதல் கட்டத்தில் பகிர்வு கியூக்களைத் தள்ளிவைப்பதே நல்லது.

உங்கள் கியூக்களின் பட்டியலை, செய்தியின் அளவு, உச்ச வேகம், தங்கும் நேரம் ஆகியவற்றுடன் அனுப்பினால், பேஜ் செட் பிரிவினையை நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்