கிரியேட்டிவ் டைரக்டர் ஆகப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. நீ அனுப்பிய தைலம் கேட்கிறதாம், ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லையாம். உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

பதவி உயர்வை ஒத்துக்கொள்ளலாமா என்று போனில் கேட்டாய். "எனக்கு எழுதத்தான்பா பிடிக்கும், அந்த நாற்காலியில் உட்கார்ந்தா மீட்டிங்தான்" என்றாய். நியாயம்தான். ஆனாலும் ஒத்துக்கொள் என்றுதான் சொல்வேன்.

நான் பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் காலம் தள்ளியவன். உங்கள் விளம்பர ஏஜென்சிக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் கண்ணீர் அஞ்சலி கொடுக்க வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தெரியும். ஃபுல்ஸ்கேப் தாள் நிறைய எழுதிக்கொண்டு வருவார்கள். கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருப்பார்கள், பக்கத்தில் நின்றவரின் தோள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டணமோ சென்டிமீட்டர் கணக்கு. பாசத்தின் சிகரம், பண்பின் இமயம் எல்லாவற்றையும் போட்டால் கட்டுப்படியாகாது. எதை நீக்குவது என்று அவர்களால் முடிவு செய்யவும் முடியாது. "அப்பாவை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்பேன். "சைக்கிள்கடைக்காரர்" என்பார்கள். அதைப் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு இமயத்தையும் சிகரத்தையும் எடுத்துவிடுவேன். காலையில் டீக்கடையில் பேப்பர் பார்க்கிறவனுக்கு, போனது யார் என்று சட்டென்று தெரியும். இமயத்தை எடுத்ததற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை. மருமகன்கள் பெயர் முன்னே பின்னே ஆனால்தான் வருவார்கள்.

உன் புது வேலையும் பெரும்பாலும் இதுதான். உன் கீழே வேலை செய்கிற சின்னப் பிள்ளைகள் கொண்டுவருகிற குவியலில் சைக்கிள்கடைக்காரர் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பது, மற்றதை மனசு நோகாமல் தள்ளிவைப்பது. எழுதத் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தால் இமயம்தான் மிஞ்சும்.

விளம்பர உலகில் பேர்பெற்ற பியூஷ் பாண்டேயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1982இல் ஓகில்வி ஏஜென்சியில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்தது கிளையன்டைக் கவனிக்கிற வேலை. எழுத்துப் பக்கம் வந்தது பிறகுதான். அவர் காலத்தில் வந்த அந்த ஃபெவிகால் பசை விளம்பரத்தின் பஸ்ஸை நினைத்துப் பார். கூரையிலும் பக்கவாட்டிலும் ஆட்கள் அப்பிக்கொண்டு போகிறார்கள், ஒருவரும் விழவில்லை. கடைசியில் பின்பக்கம் ஒரு ஃபெவிகால் பலகை, அவ்வளவுதான். டப்பாவைக் கையில் பிடித்து "உறுதியான பிடிப்பு" என்று ஒருவர் சொல்லட்டுமே என்று எந்தக் கட்டத்திலும் யாராவது கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்கிற வாய் அறையில் ஒன்று இருக்க வேண்டும். நாளைக்கு அது உன் வாய்.

வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டும். அது கம்ப்யூட்டரில் கிடைக்காது. 1975இல் வந்த, அருவியில் ஒரு பெண் குளிக்கிற லிரில் சோப் விளம்பரம் உனக்கு யூடியூபில் பழக்கம். அதை உருவாக்கிய லின்டாஸ் ஏஜென்சியின் அலிக் பதம்சி சொன்னது: வீட்டுப் பெண்களிடம் பேசிப் பார்த்தபோது, நாள் முழுக்கத் தனக்கென்று கிடைப்பது குளிக்கிற பத்து நிமிஷம்தான் என்றார்களாம். அங்கிருந்து பிறந்ததுதான் அருவி. நம் கொடைக்கானல் பாம்பார் அருவியை இன்னமும் லிரில் அருவி என்கிறார்கள் என்றால் சும்மாவா? உன் அம்மாவுக்கு அந்தப் பத்து நிமிஷமும் கிடையாது, கதவைத் தட்டி சாவி எங்கே என்று கேட்கிற ஆள் இந்த வீட்டில் இருக்கிறார்.

இன்னொன்று. நீ எழுத்திலிருந்து வந்தவள். லேஅவுட்டைப் பார்த்தாலும் உன் கண் முதலில் வரியைத்தான் படிக்கும். படம் போடுகிறவர்களுக்கு அது எரிச்சல். நியூயார்க்கில் 1949இல் ஏஜென்சி தொடங்கிய பெர்ன்பாக், எழுதுகிறவரையும் வரைகிறவரையும் ஒரே அறையில் ஜோடியாக உட்காரவைத்துப் பேர் வாங்கினார். அதனால் படத்தைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் வரியைப் பற்றி வாய் திறக்காதே.

விருது விஷயத்தில் மட்டும் கறாராக இரு. 2025இல் கான் விளம்பர விழாவில் பிரேசில் ஏஜென்சி ஒன்று வாங்கிய கிராண்ட் ப்ரீ என்கிற பெரிய விருது பறிபோனது. போட்டிக்கு அனுப்பிய வீடியோவில் செயற்கை நுண்ணறிவால் ஒட்டுவேலை செய்திருந்தார்கள். கிளையன்ட் கேட்காத, எங்கும் வெளிவராத விளம்பரத்தை விருதுக்கென்றே செய்கிற வழக்கம் உங்கள் ஊரிலும் உண்டு என்று நீதான் சொன்னாய். உன் பெயர் முதலில் போகிற பட்டியலில் அந்த மாதிரி ஒன்று வேண்டாம். பட்டியல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: வரி யாருடையதோ அவர் பெயர் விடுபடக் கூடாது. டிரெய்னியாக இருந்தாலும் சரி.

சம்பளம் பேசும்போது ஒரு பிராண்டை உன் கையிலேயே எழுத விடச் சொல்லிக் கேள். சின்னதாக இருந்தாலும் போதும், ஊறுகாயோ ஊதுபத்தியோ. கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள், வாய்வார்த்தை வேண்டாம்.

அப்புறம், பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா? புது கிளையன்டைப் பிடிக்கிற பிட்ச் இருக்கிறது, கிளையன்ட் விடவில்லை என்று என்னிடம் சொல்லாதே. அதை நீயே அம்மாவிடம் சொல்லிக்கொள்.

அன்புடன்,
அப்பா