பாஸ்டன் நகரத்து வாக்காளர் ஏன் கட்சி மாறினார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரிட்டனில், வெளிநாட்டவர் குடியேற்றத்தை எதிர்க்கும் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யூகே கட்சிக்குப் பெருகிவரும் ஆதரவைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான தலையங்கம், அக்கட்சிக்கு வாக்களிப்போர் அனைவரும் நிறவெறியர்கள் என்று தீர்ப்பளித்து முடிந்திருந்தது. கிழக்கு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் கணக்காளராகப் பணியாற்றி, பாஸ்டன் நகரில் எட்டு ஆண்டுகள் குடியிருந்து, பின்னர் தஞ்சைக்குத் திரும்பியவன் நான். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நிறவெறி அங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கடைத்தெருவில் அதன் சுடுசொல்லை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் 2024 பொதுத்தேர்தலில் அக்கட்சிக்கு விழுந்த 41 லட்சம் வாக்குகளை அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது. வெளிநாட்டவர் வருகை குறித்து ஆட்சியாளர்கள் இருபது ஆண்டுகளாகக் கொடுத்த வாக்குறுதி திரும்பத் திரும்பப் பொய்த்ததே அதற்குப் பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பாஸ்டனைச் சுற்றியுள்ள நிலம் கடலோரச் சதுப்பை வடித்து உண்டாக்கிய வண்டல் சமவெளி. தஞ்சைக்காரனாகிய எனக்கு அதைப் பார்த்தாலே ஊர் நினைவு வரும். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் உருளைக்கிழங்கும் அங்கே விளைகின்றன. அவற்றை அறுக்கவும், கழுவிப் பொதிந்து பேரங்காடிகளுக்கு அனுப்பவும் ஆண்டு முழுதும் ஆட்கள் வேண்டும். 2004 மே மாதம் போலந்து, லிதுவேனியா உள்ளிட்ட எட்டுக் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகள் மட்டுமே அந்நாட்டுத் தொழிலாளர்களுக்கு உடனடியாகக் கதவைத் திறந்தன; ஜெர்மனி ஏழு ஆண்டுகள் காத்திருந்தது. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரைதான் வருவார்கள் என்ற மதிப்பீட்டை அன்றைய லேபர் கட்சி அரசு மக்கள் முன் வைத்தது. வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஜாக் ஸ்ட்ரா, அது பெரும் தவறு என்று 2013-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

2001-இல் சுமார் 55,700 பேர் வாழ்ந்த பாஸ்டன் வட்டாரத்தில் பத்தே ஆண்டுகளில் 64,600 பேர் ஆயினர். நம் நகரங்களோடு ஒப்பிட்டால் இந்த எண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் தலைமுறைகளாக அதிகம் மாறாதிருந்த ஒரு சிற்றூருக்கு அது பெரிய அதிர்வு. வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர்கள், நம் தோட்டத் தொழிலாளர் வரலாற்றின் கங்காணிகளை நினைவூட்டும் ஒப்பந்தக்காரர்கள். ஒரு குடும்பம் வாழவேண்டிய வீட்டில் படுக்கைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கி ஏழெட்டுப் பேரைத் தங்கவைத்த வீட்டு உரிமையாளர்களும் இருந்தார்கள். வீட்டு வாடகை ஏறியது. மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நாட்கள் கூடின. கூலி ஏறாமல் நின்றது என்பதே உள்ளூர்க்காரர்களின் முதன்மையான குறை. இதில் ஆதாயம் பெற்றவர்கள் நிலக்கிழார்களும், பொதி ஆலைகளும், மலிவாகக் காய்கறி வாங்கிய நாடு முழுவதன் நுகர்வோரும். சுமந்தது அந்த ஊர் மட்டும்.

இந்தச் சுமையை ஈடுசெய்ய ஒரு சிறிய ஏற்பாடு இருந்தது என்பது பலருக்கும் தெரியாது. வெளிநாட்டவர் செலுத்தும் விசா கட்டணத்தோடு ஒரு கூடுதல் தொகையை வசூலித்து, மக்கள் தொகை திடீரென உயர்ந்த பகுதிகளின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் உதவும் நிதியம் ஒன்றை லேபர் அரசு 2009-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஆட்சிக்கு வந்த, கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் டேவிட் கேமரனின் கூட்டணி அரசு அதை ஒழித்தது. கூடவே உள்ளாட்சி மன்றங்களுக்கான மானியத்தையும் ஆண்டுதோறும் வெட்டியது. நூலகமும் இளைஞர் மன்றமும் மூடப்பட்ட அதே ஆண்டுகளில் புதியவர்களும் தெருவில் தென்பட்டதால், ஒன்றுக்கு மற்றொன்றே காரணம் என்று மக்கள் முடிச்சுப் போட்டார்கள். அந்த முடிச்சு தவறானது. ஆனாலும் மானியத்தை வெட்டியது யார் என்று விளக்கிச் சொல்லும் துணிவு ஆண்ட கட்சிக்கு இல்லாதபோது, குடியேறியவர்களே காரணம் என்று சொன்ன நைஜல் ஃபராஜின் குரல்தான் அவர்கள் காதில் விழுந்தது.

அதே கேமரன் 2010-இல், நிகரக் குடியேற்றத்தை (வந்து குடியேறுவோரில் வெளியேறுவோரைக் கழித்த எண்ணிக்கையை) ஆண்டுக்குச் சில பத்தாயிரங்களாகக் குறைப்பேன் என்று உறுதி கூறியிருந்தார். 2015-இல் அது மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஃபராஜின் முந்தைய கட்சியான யூகிப்புக்கு 38 லட்சம் பேர் வாக்களித்தும் கிடைத்தது ஒரே ஒரு இடம். அதற்கு அடுத்த ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் பாஸ்டன் 75.6 விழுக்காட்டு வாக்குகளோடு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற விரும்பியது. நாட்டிலேயே அதுதான் உச்சம். எங்கள் வாக்குக்கு இப்போதாவது மதிப்பு கிடைக்கும் என்று அன்று என் அண்டை வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், என்னிடம் சொன்னார்.

நடந்ததோ நேர் எதிரானது. குடியேற்றம் குறையும் என்று 2019-இல் வாக்குக் கேட்ட போரிஸ் ஜான்சனின் அரசு கொண்டுவந்த புதிய விதிகளின் கீழ், நிகரக் குடியேற்றம் 2023-இல் ஒன்பது லட்சத்தைக் கடந்தது. உக்ரைன் போரிலிருந்தும் ஹாங்காங் அடக்குமுறையிலிருந்தும் தப்பி வந்தோர் அதற்கு ஓரளவு காரணம். மற்றவை அரசே செய்த தேர்வுகள். முதியோர் பராமரிப்புக்குப் போதிய நிதி ஒதுக்கிப் பணியாளர் ஊதியத்தை உயர்த்துவதற்குப் பதிலாக, 2022-இல் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா வழங்கினார்கள். உள்நாட்டு மாணவர் கட்டணத்தை ஆண்டுகள் பலவாக 9,250 பவுண்டில் நிறுத்திவைத்துவிட்டு, பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் காலந்தள்ளட்டும் என்று விட்டார்கள். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கடன் வாங்கிச் சென்றது இந்த வழிகளில்தான். மேடையில் குறைப்போம் என்றும் அலுவலகத்தில் கூட்டுவோம் என்றும் நடந்துகொண்ட அரசை வாக்காளர் நம்பாமல் போனதில் எனக்கு வியப்பில்லை. ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகுகளில் கடந்து வருவோர் மொத்த வருகையில் சிறு பங்கே ஆனாலும், அரசின் கைக்கு எதுவும் அடங்கவில்லை என்பதற்கு அன்றாடம் தொலைக்காட்சியில் தெரியும் சாட்சியாக அக்காட்சி அமைந்தது.

இவற்றையெல்லாம் சொல்வதால் அக்கட்சியின் தீர்வுகளை நான் ஆதரிப்பதாகக் கொள்ள வேண்டாம். 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமியர் கொல்லப்பட்டதும், கொலையாளி புகலிடம் கோரி வந்தவன் என்ற பொய் பரவி, ராதரமில் புகலிடம் கோருவோர் தங்கியிருந்த விடுதிக்குத் தீவைக்கும் அளவுக்கு ஒரு கூட்டம் சென்றதை எந்தக் குறையும் நியாயப்படுத்தாது. 2025 செப்டம்பரில் ஃபராஜ் அறிவித்த திட்டமோ, நிரந்தரக் குடியிருப்பு உரிமை என்ற ஏற்பாட்டையே ஒழிப்பது. சட்டப்படி வந்து, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்ட குடும்பங்களின் காலடி நிலத்தை அது பறிக்கும். அவர்களில் நம் உறவினர்களும் உண்டு.

சென்ற ஆண்டு அந்த அண்டை வீட்டுக்காரரோடு தொலைபேசியில் பேசினேன். நோயுற்ற அவர் மனைவியைக் குளிப்பாட்டி உணவூட்டி வருபவர் திருநெல்வேலியிலிருந்து சென்ற ஒரு பெண். அவரைப் பற்றிச் சொந்த மகளைப் போலப் பேசினார். அந்தப் பெண்ணை அனுப்பிவிடும் திட்டத்தை வைத்திருக்கும் கட்சிக்கா வாக்களித்தீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நாற்பது ஆண்டுகள் மற்ற இரு பெரிய கட்சிகளுக்கும்தான் வாக்களித்தேன், எங்கள் ஊருக்கு என்ன நேரும் என்று அவர்களில் ஒருவர்கூட எங்களைக் கேட்கவில்லை" என்றார்.

அவரை நிறவெறியர் என்று எழுத என் கை வரவில்லை. தங்கள் நாளிதழும் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, லண்டனோடு நின்றுவிடாமல் பாஸ்டன், ஃபராஜின் தொகுதியான கிளாக்டன் போன்ற ஊர்களின் மருத்துவமனைகளையும் வாடகை வீடுகளையும் வாசகர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
தஞ்சாவூர்.