ஆச்சிக்கு ஞாயிறு டியூட்டி

நங்கநல்லூர், சென்னை

அன்புள்ள தேனு,

முதலில் திட்டிவிடு. ஐந்து மாதமாக உன் போனை எடுக்கவில்லை, நீ அனுப்பிய பொங்கல் வாழ்த்துக்கும் பதில் போடவில்லை. காரணம் நீ கேட்ட ஒரு கேள்விதான். "அம்மாவை இல்லத்தில் கொண்டுபோய் விட உனக்கு எப்படிடி மனசு வந்தது?" நீ குத்திக்காட்டக் கேட்கவில்லை என்று தெரியும். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. பெரியவன் அரியர் இல்லாமல் தப்பித்தான். உன் மாமியாரின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று ராஜி சொன்னாள்.  

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு மறதி நோய் என்றுதான் உனக்குத் தெரியுமே. போன ஆடியில் ஒரு நாள் விடிகாலை நாலரை மணிக்கு அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பழவந்தாங்கல் ஸ்டேஷன் சுரங்கப்பாதையில் பூக்காரம்மா பார்த்து உட்கார வைத்திருந்தார். "டியூட்டிக்கு நேரமாச்சு, என்னை விடுங்க"ன்னு ஒரே அழுகை. அவள் ரிட்டயர் ஆனது 2003ல். இரண்டாவது முறை கேஸைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். நானும் வேலைக்குப் போகிறவள், இவரும் போகிறவர். அதன் பிறகுதான் கூடுவாஞ்சேரிக்கு உள்ளே இருக்கும் அந்த இல்லம். மாதம் 45,000 ரூபாய். பாதிக்கு மேல் அவளுடைய பென்ஷனே தாங்குகிறது.

எனக்கு அங்கே போகும்போது பயமெல்லாம் என் மகள் நிலாவைப் பற்றித்தான். ஆச்சி மடியில் வளர்ந்தவள் அவள். முதல் ஞாயிறு அம்மா அவளைப் பார்த்து "நீ யாரும்மா, புதுசா வந்த பொண்ணா?" என்றாள். அடுத்த வாரம் நிலாவுக்குத் தலைவலி, அதற்கடுத்த வாரம் வயிற்றுவலி. நாலாவது வாரம் நான் கையைப் பிடித்து இழுக்காத குறை. இரயிலில் அவள் சொன்னாள், "அங்கே எல்லாரும் ஆச்சிகிட்ட 'என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லு'ன்னு கேட்கிறீங்கம்மா. எனக்கு வைவா பரீட்சை மாதிரி இருக்கு. ஆச்சிக்கு எப்படி இருக்கும்?" பதிமூன்று வயதுப் பெண். நான் அன்று முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் அது நடந்தது. நிலா கழுத்தில் ஹெட்போன் போட்டிருந்தாள். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை நீட்டி வாங்கி, ஒரு காதை மட்டும் மூடி, மறு காதுக்குரியதைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். வலது கை மேசையில் பென்சிலைத் தேடியது. "எந்த ஊர் வேணும்?"

நிலா என்னைப் பார்த்தாள். அப்புறம், "திருநெல்வேலி" என்றாள்.

"ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா?"

"லைட்னிங்!"

அம்மா புருவத்தை உயர்த்தினாள். "எட்டு மடங்கு காசு ஆகும். வீட்ல கேட்டியா?"

தேனு, அந்தக் குரலை நான் பத்து வருஷமாகக் கேட்கவில்லை. 1964ல், வெளியூர் போன் கால்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் எக்சேஞ்சில் சேர்ந்தபோது இருபத்தொரு வயது அவளுக்கு. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் டிரங்க் கால் டிக்கெட் எழுதினாள். ஊர், நம்பர், நேரம், குறிப்பிட்ட ஒருவரையே கேட்கும் பிபி கால் என்றால் அவர் பெயர். எழுத்து கோணல் இல்லை. மூன்று நிமிஷம் ஆனதும் "டைம் முடிஞ்சது, நீட்டிக்கவா?" என்று கேட்டாள். மணி பார்த்தேன், கிட்டத்தட்ட மூன்றேதான். டாக்டர் சொல்கிறார், புது நினைவுகள்தான் முதலில் போகுமாம், வருஷக்கணக்காகக் கை பழகிய வேலை ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருக்குமாம்.

இப்போது நிலா நோட்டுப் புத்தகம், சீவின பென்சிலோடு போகிறாள். பெரியவனும் கோயம்புத்தூருக்கு ஒரு டிரங்க் கால் கேட்டுவிட்டு உட்காருகிறான். 0422 என்று அம்மாவே சொல்லிக் கொடுத்தாள். பேத்தி என்று தெரிந்துதான் பேசுகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிலா வந்தால் நாற்காலியை நகர்த்தி இடம் விடுகிறாள்.

இந்த இல்லத்தோடு எனக்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது. பார்வையாளர் நேரம் ஞாயிறு நாலு முதல் ஆறு வரைதானாம், அதுவும் வரவேற்பறையில். இந்த நோய்க்காரர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றமும் குழப்பமும் ஏறும். மற்ற எல்லோரையும் விட அந்த நிர்வாகத்துக்கல்லவா அது தெரிந்திருக்க வேண்டும்! பிள்ளைகள் பார்ப்பதோ அந்தக் கோலத்தைத்தான், பயந்து ஓடாமல் என்ன செய்யும்? போதாததற்கு பஸ்ஸில் திரும்பினால் ஜிஎஸ்டி ரோட்டில் கிளாம்பாக்கத்தை ஒட்டி நெரிசல். மூன்று வாரம் எழுதி, பேசி, பத்தரை முதல் பன்னிரண்டு வரை அறையிலேயே பார்க்க வைத்தேன். இப்போது நாலு குடும்பம் அந்த நேரத்துக்கு வருகிறது.

நாலாம் அறை வக்கீல் தாத்தா ஒரு நாள் சொன்னார்: "பெத்தவங்களையும் வயசானவங்களையும் பராமரிக்கிறதுக்கான 2007ஆம் வருஷச் சட்டத்துல 'பிள்ளைகள்'னா வயசு வந்த பேரன் பேத்தியும் சேர்த்திதாம்மா. மாசம் பத்தாயிரம் வரைக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம். வந்து பக்கத்துல உட்காருன்னு எந்தப் பிரிவுலயும் கேட்க முடியாது." அவருடைய பேரன் இருப்பது வேளச்சேரியில், தேனு. நிலா இப்போது அவருக்கும் ஒரு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறாள்.

அண்ணன்மேல்தான் எனக்குத் தீராத கோபம். பெங்களூரிலிருந்து வருகிறான், பசங்களைக் கூட்டி வருவதில்லை. "அவங்க மனசுல பழைய ஆச்சியே இருக்கட்டும்" என்கிறான். பழைய ஆச்சி எங்கே போய்விட்டாள்? அங்கே உட்கார்ந்து அழகாக டிக்கெட் எழுதிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் பயப்படுவது நம் முகத்தைப் பார்த்துத்தான். அவன் உன் பேச்சைக் கேட்பான், சின்ன வயதிலிருந்தே கேட்பான். நீ ஒரு தரம் சொல்லேன்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான், மனசு வரவில்லை. இன்னும் வரவில்லை. கேட்டை மூடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அவள் அங்கே இராத்திரி பத்திரமாகத் தூங்குகிறாள்.

இந்த ஞாயிறு நிலா உனக்கு நிஜமாகவே கால் போடப் போகிறாள், பிபி கால், உன் பெயருக்கு. பதினொரு மணிக்கு போன் பக்கத்திலேயே இரு. "டிரங்க் கால் ஃப்ரம் மெட்ராஸ், ஹோல்ட் ஆன்" என்று அம்மா சொன்னபிறகு கொஞ்ச நேரம் சத்தமே வராது. வைத்துவிடாதே.

உன்,
கீதா